ராத்திரியில் யார் எழுந்து வருவார்கள்? அம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் இடம் தேடிய அனுபவம்

எங்கள் வீட்டில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கு இடம் தேட வேண்டி வந்தது. அம்மாவுக்கு அப்போது 76 வயது. சர்க்கரை உண்டு. இரண்டு முட்டியும் தேய்ந்து போய் வாக்கர் பிடித்துத்தான் நடப்பார். ஆனால் நினைவும் பேச்சும் படு தெளிவு. பெரியப்பாவுக்கு 82. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மூக்கு வழியாக ஒரு டியூப், சிறுநீருக்கு ஒரு டியூப் என்ற நிலையில் திருச்சி ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் எழுதினார்கள். பெரியம்மா முன்பே காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. அப்பா இறந்த பிறகு என்னையும் தம்பியையும் படிக்க வைத்தவர் பெரியப்பாதான். நான் கோயம்புத்தூரில் ஒரு மில் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன், தம்பி சிங்கப்பூரில். ஆக, முடிவெடுக்க வேண்டியவர்கள் நாங்கள் இருவரும்தான்.

அம்மாவை அசிஸ்டட் லிவிங் என்று சொல்கிற, அன்றாட வேலைகளுக்குக் கைகொடுக்க ஆள் இருக்கிற ஓர் இடத்திலும், பெரியப்பாவை 24 மணி நேரமும் நர்ஸ்கள் பார்த்துக்கொள்ளும் நர்சிங் கேர் இடத்திலும் சேர்த்தோம். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. தெரிந்தவர்கள், அலுவலகத்தில் உள்ளவர்கள் என்று யாராவது அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் வீடு. வீட்டிலேயே வைத்துப் பார்க்க முடிந்தால் அதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள். பிசியோதெரபியும், படுக்கையில் இருப்பவர்களுக்கான வலி நிவாரணப் பராமரிப்பும் அதில் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், காசு கொடுத்து ஆள் வைப்பதற்கு முன்பு. பெரியப்பாவுக்கு ஏஜென்சி மூலம் வீட்டோடு தங்கும் ஆள் வைத்துப் பார்த்தோம். ஒருவர் நன்றாகப் பழகி வருவதற்குள் ஊருக்குப் போய்விடுவார், அடுத்தவர் வந்து முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். டியூப் பிடுங்கிக்கொண்ட ஒரு ராத்திரிக்குப் பிறகு பெரியப்பா விஷயத்தில் அது சரிவராது என்று தெரிந்துவிட்டது. அம்மா விஷயம் வேறு. நான் வேலைக்குப் போன பிறகு பகல் முழுக்க மூன்றாவது மாடி வீட்டில் தனியாக இருந்தார். பாத்ரூமில் வழுக்கி விழுந்து, நான் வரும் வரை தரையிலேயே உட்கார்ந்திருந்த நாளும் உண்டு.

இடம் தேட ஆரம்பித்ததும் கோயம்புத்தூரில் வடவள்ளி, தொண்டாமுத்தூர், துடியலூர் பக்கமெல்லாம் போய்ப் பார்த்தோம். இந்த ஊரில் முதியோருக்கான குடியிருப்புகள் நிறைய வந்துவிட்டன. அவற்றில் பலவும், தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் ஆட்களுக்கான வீடுகள்: சமையல் பொது, கூட்டிப் பெருக்க ஆள், அவசரத்துக்கு ஆம்புலன்ஸ். அதற்கு அடுத்த படிதான் அசிஸ்டட் லிவிங். அங்கே அறை, சாப்பாட்டோடு குளிப்பாட்ட, மாத்திரை எடுத்துக் கொடுக்க, கைபிடித்து நடத்திப் போக அட்டெண்டர்கள் இருப்பார்கள். நர்ஸ் பகலில் வந்து பார்ப்பார், சில இடங்களில் முழு நேரமும் இருப்பார். நர்சிங் கேர் என்றால் கட்டில் ஆஸ்பத்திரிக் கட்டில், சுழற்சி முறையில் நர்ஸ்கள், ஆக்சிஜன், சளி உறிஞ்சும் கருவி, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது எல்லாம் அங்கேயே. ஒரே வளாகத்தில் இரண்டும் வைத்திருக்கிற இடங்களும் உண்டு. விளம்பரத்தில் எல்லோரும் எல்லாமும் செய்வதாகத்தான் போட்டிருப்பார்கள். அதனால் போர்டைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

ஆளை எப்படிப் பார்ப்பது? முதியோர் மருத்துவத்தில் ஒரு பழைய அளவுகோல் உண்டு. சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் 1963-ல் வெளியிட்டது, இன்றும் பயன்படுத்துகிறார்கள். ஆறு வேலைகள்: குளிப்பது, துணி உடுத்துவது, கழிப்பறைக்குப் போய் வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீரும் மலமும் அடக்க முடிவது, தன் கையால் சாப்பிடுவது. ஒவ்வொன்றையும் உதவியில்லாமல் செய்கிறாரா என்று எழுதிப் பார்க்க வேண்டும். அம்மாவுக்குக் குளிப்பதில் மட்டும் உதவி வேண்டும், மற்ற ஐந்தும் அவரே செய்வார். பெரியப்பாவால் ஆறில் ஒன்றும் முடியாது. இப்படி இரண்டு ஓரத்தில் இருப்பவர்களுக்கு முடிவு எளிது. மூன்று முடியும், மூன்று முடியாது என்று நடுவில் இருப்பவர்களுக்குத்தான் குழப்பம்.

அந்தக் குழப்பத்தில் இருப்பவர்களிடம் நான் கேட்கச் சொல்வது ஒன்றுதான். ராத்திரி இரண்டு மணிக்கு இவருக்கு என்ன வேண்டும், அதை யார் செய்ய வேண்டும்?

பகலில் எந்த இடமும் நன்றாகத்தான் இருக்கும். ஆள் நடமாட்டம் இருக்கும், மேலாளர் இருப்பார், பிசியோதெரபிஸ்ட் வருவார், பிள்ளைகள் பார்க்க வருவார்கள். எட்டு மணிக்கு மேல் எல்லாம் மாறிவிடும். பெரியவர்கள் விழுவது, சர்க்கரை இறங்குவது, மூச்சுத் திணறுவது, டியூபைப் பிடுங்குவது என்று நாங்கள் பார்த்ததில் பெரும்பாலானவை ராத்திரியில்தான் நடந்தன. ராத்திரியில் ஒரு முறை எழுந்து பாத்ரூம் போக வேண்டும், துணைக்குக் கைபிடிக்க ஒருவர் போதும், கூப்பிடத் தெரியும் என்றால் அசிஸ்டட் லிவிங் தாங்கும். ராத்திரியில் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், தூக்க இரண்டு பேர் வேண்டும், டியூபோ ஊசியோ கையாள வேண்டும், கூப்பிடவே தெரியாது என்றால் நர்சிங் கேர்தான். நோயின் பெயர் என்ன என்பது இதற்கு அடுத்துதான் வரும். பக்கவாதம் வந்தும் தேறி, கோலூன்றி நடந்து, அசிஸ்டட் லிவிங்கில் சௌகரியமாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வெறும் முட்டி வலிதான் என்று சொல்லிச் சேர்த்தவர், மறதி நோய் கூடிப்போய் ராத்திரியில் கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்ததையும் பார்த்திருக்கிறேன்.

கூப்பிடுவது என்றேன் இல்லையா, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஒரு இடத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்துப்போய் கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டோம். ஒவ்வொரு கட்டிலுக்கும் அழைப்பு மணி இருக்கிறது, அழுத்தினால் சிஸ்டர் வந்துவிடுவார் என்று காட்டினார்கள். மணி கட்டிலுக்கு வலது பக்கம் சுவரில் இருந்தது. பெரியப்பாவின் வலது கை அசையாது. கட்டிலைத் திருப்பிப் போடலாமா என்றால், பக்கத்துக் கட்டில் இடிக்கும் என்றார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: பேச்சு இல்லாத, கை எட்டாத ஒருவருக்கு மணி இருந்தும் இல்லாத மாதிரிதான். அவர் கூப்பிடாமலே யாராவது வந்து பார்க்கிற இடம்தான் அவருக்கு வேண்டும். அதன் பிறகு நாங்கள் எங்கே போனாலும் முதலில் கேட்டது, "மணி அடிச்சா எத்தனை நிமிஷத்துல வருவீங்க" என்பதை அல்ல, "மணி அடிக்காதவங்களை எப்பப்ப வந்து பார்ப்பீங்க" என்பதைத்தான்.

இதற்குப் பதில் ஒரு அட்டையில் இருக்கும். படுக்கையிலேயே இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் வால் எலும்பு, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் புண் வரும். காற்று நிரப்பிய ஏர் பெட் மெத்தை போட்டாலும் புரட்டுவதை விட முடியாது. புரட்டிய நேரத்தை எழுதி, செய்தவர் கையெழுத்துப் போடும் அட்டை கட்டிலின் கால்மாட்டில் தொங்கும். ஒரு இடத்தில் சாயங்காலம் ஏழு மணி சுமாருக்குப் போயிருந்தோம். அட்டையில் அன்று இரவு பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் முன்கூட்டியே "இடது பக்கம்", "வலது பக்கம்" என்று எழுதி, கையெழுத்தும் போட்டாகிவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து தம்பிக்கு போன் பண்ணி, இந்த இடம் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். இன்றும் யாராவது இடம் பார்க்கப் போகிறோம் என்றால், அந்த அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். தர யோசித்தால் அதுவே பதில்.

இடம் பார்க்கப் போவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமாக இருக்கட்டும், சொல்லாமல் போங்கள். வரவேற்பறையில் உட்கார வைத்துக் காப்பி கொடுப்பார்கள், அதை அப்புறம் வைத்துக்கொண்டு முதலில் அறைகளுக்குள் போங்கள். மூக்கு நிறையச் சொல்லும். சிறுநீர் வாடை லேசாக எங்கேயும் இருக்கும், ஆனால் பழைய வாடையும் பினாயில் நெடியும் சேர்ந்து முகத்தில் அடித்தால் டயப்பர் நேரத்துக்கு மாற்றுவதில்லை என்று அர்த்தம். அங்கே இருக்கிற பெரியவர்களின் நகம், உதடு, குதிகால் இவற்றைக் கவனியுங்கள். உதடு காய்ந்திருந்தால் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. பெரியவர்களிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். "சாப்பாடு எப்படி?" என்று கேட்டால் எல்லோரும் பரவாயில்லை என்பார்கள். "நேத்து ராத்திரி என்ன போட்டாங்க?" என்று கேளுங்கள், கதையே வரும்.

யார் நர்ஸ், யார் அட்டெண்டர் என்பதையும் தெளிவாகக் கேட்டுவிட வேண்டும். சீருடை போட்டிருப்பவர்கள் எல்லோரையும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறோம். ஆனால் பி.எஸ்சி. நர்சிங் அல்லது நர்சிங் டிப்ளமோ படித்து, தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பதிவு செய்தவர் வேறு, சில மாதப் பயிற்சியோடு வேலைக்கு வந்தவர் வேறு. இரண்டாமவரைக் குறைத்துச் சொல்லவில்லை. அம்மாவைத் தினமும் குளிப்பாட்டும் அக்கா அப்படி வந்தவர்தான், அவர் கையில் அம்மா குழந்தை மாதிரி நிம்மதியாக இருக்கிறார். ஆனால் பெரியப்பாவுக்கு டியூப் வழியாகக் கஞ்சி கொடுப்பது அவர் வேலையில்லை.

அந்தக் கஞ்சி கொடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பெரியப்பாவைச் சேர்த்த இடத்தில் ஒரு சிஸ்டர், முதலில் கட்டிலின் தலைப்பக்கத்தைச் சுற்றி உயர்த்தினார். டியூபில் மூக்கு ஓரத்தில் ஒட்டியிருந்த குறி நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். சிரிஞ்சைப் பொருத்தி மெதுவாக வெளியே இழுத்தார், வயிற்றில் இருப்பது கொஞ்சம் வந்தது. டியூப் வயிற்றில்தான் இருக்கிறது, முன்பு கொடுத்தது செரித்திருக்கிறது என்று இரண்டையும் பார்த்துக்கொண்ட பிறகுதான், "ஐயா, சாப்பாடு குடுக்கறேங்க" என்று அவரிடம் சொன்னார். கஞ்சியை அழுத்தித் தள்ளவில்லை. சிரிஞ்சை உயரப் பிடித்து அதுவாக இறங்க விட்டார். கடைசியில் ஆறிய வெந்நீர் விட்டு டியூபைக் கழுவி மூடினார். அரை மணி நேரம் அப்படியே சாய்ந்து உட்கார்ந்திருக்கட்டும், யாரும் கட்டிலை இறக்காதீங்க என்று அட்டெண்டரிடம் சொல்லிவிட்டு, நோட்டில் அளவும் நேரமும் எழுதினார். இதில் ஒரு படி தவறினாலும் கஞ்சி நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். நர்சிங் கேருக்கு அதிகப் பணம் கொடுப்பது எதற்காக என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

இன்சுலின் விஷயத்தையும் எழுதி வைத்துக் கேளுங்கள். அசிஸ்டட் லிவிங் இடங்கள் சிலவற்றில் "நேரத்துக்கு ஞாபகப்படுத்துவோம், ஊசி நாங்க போட மாட்டோம்" என்பார்கள். அம்மா அப்போது தானே போட்டுக்கொண்டார். கண் மங்கினால் யார் போடுவது, ராத்திரி சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டினால் சர்க்கரை பார்க்கிற கருவியை எடுக்க யாருக்குத் தெரியும் என்று கேட்டோம். நாங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் ராத்திரியும் ஒரு நர்ஸ் இருந்தார். அம்மாவின் இடத்தை முடிவு செய்தது அந்த ஒரு பதில்தான்.

மொழியும் முக்கியம். இப்போது அட்டெண்டர் வேலைக்கு ஒடிசா, அசாம், ஜார்க்கண்ட் பக்கமிருந்து நிறையப் பெண்கள் வருகிறார்கள். பொறுமையான, அன்பான பிள்ளைகள். ஆனால் ராத்திரி நெஞ்சு "என்னமோ பண்ணுது" என்று ஒரு பாட்டி சொன்னால் அது புரிய வேண்டும். அந்த நேரத்தில் தமிழ் தெரிந்த ஒருவராவது பணியில் இருக்கிறாரா என்று கேட்பதில் தப்பில்லை.

அம்மாவிடம் நாங்கள் முடிவைச் சொல்லவில்லை, முதலில் கேட்டோம். அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "எனக்கு ஒரு கதவு வேணும்டி. நானே சாத்தணும், நானே திறக்கணும். அது இருந்தா வரேன்." நாங்கள் பார்த்த நர்சிங் கேர் இடங்களில் அந்தக் கதவு கிடையாது. எல்லோரும் கண் பார்வையில் இருக்க வேண்டும் என்பதால் கூடம் மாதிரி வார்டு, நடுவில் திரை. படுக்கையில் இருப்பவருக்கு அதுதான் பாதுகாப்பு. நடக்க முடிந்தவரை அங்கே கொண்டு போய்ப் போட்டால், கொஞ்ச நாளில் அவரும் நடப்பதை விட்டுவிடுவார். "எதுக்கு ரிஸ்க், ரெண்டு பேரையும் நர்சிங்கிலேயே சேர்த்துடு, ஒரே இடமா போச்சு" என்று சொந்தத்தில் சொன்னார்கள். அம்மாவின் வயதுக்குக் கால் ஓய்ந்தால் மறுபடி வருவது கஷ்டம். அளவுக்கு மேல் பராமரிப்பும் ஆளைப் படுக்க வைத்துவிடும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். முதலில் ஒரு மாதம் தங்கிப் பார்க்கச் சொன்னோம். காப்பி ஆறரைக்குத்தான் வருகிறது, டிவி சத்தம் என்று புகார் இருந்தது. காப்பிக்கு ஒரு சிறிய கெட்டிலும் டிகாக்‌ஷனும் அறையிலேயே வைத்துக்கொள்ள விட்டார்கள். மாத முடிவில் தன் பீரோவைக் கொண்டு வரச் சொன்னார். அதுதான் சம்மதம்.

பெரியப்பா பேச முடியாதவர்தான், ஆனால் புரிந்துகொள்வார். இடது கையை அழுத்தி ஆமாம் இல்லை சொல்வார். அவரிடமும் கேட்டுத்தான் கோயம்புத்தூருக்கு அழைத்து வந்தோம். திருச்சியை விட்டு வர அவருக்கு மனம் இல்லை, கண் கலங்கினார். இருந்தாலும் நான் அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய இடம்தான் வேண்டும் என்று நினைத்தேன். கட்டடம் எப்படி இருந்தாலும், எந்தப் பெரியவரைப் பார்க்க வீட்டு ஆள் சொல்லாமல் கொள்ளாமல் அடிக்கடி வருகிறாரோ, அவரைக் கவனிக்கிற மாதிரி மற்றவரைக் கவனிப்பதில்லை. இதைச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் இதைத்தான் பார்த்தேன்.

பணத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு இருவர் தங்கும் அறைக்கு மாதம் 34,000 ரூபாய், பெரியப்பாவுக்கு 48,000 என்று சொன்னார்கள். இடத்துக்கு இடம் இது நிறைய மாறும். சொன்ன தொகையோடு நிற்காது என்பதுதான் முக்கியம். டயப்பர், மருந்து, கட்டுப் போடும் சாமான், டியூப் மாற்றுவது, பிசியோதெரபி, டாக்டர் வருகை, ஆம்புலன்ஸ் எல்லாம் தனி. பெரியப்பாவுக்கு மாதம் பத்தாயிரத்துக்கு மேல் கூடியது. இதே நிலையில் அங்கே ஏற்கனவே இருக்கிற ஒருவரின் போன மாத பில்லை, பெயரை மறைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்ல இடமாக இருந்தால் காட்டுவார்கள். அட்வான்ஸ் எவ்வளவு திரும்பி வரும், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கும் நாட்களில் அறைக்கு வாடகை உண்டா, வருடத்துக்கு எவ்வளவு ஏற்றுவார்கள் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

மருத்துவக் காப்பீடு இதற்கு வராது. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, நடக்க உதவுவது போன்ற பராமரிப்பு, வீட்டில் நடந்தாலும் நர்சிங் இடத்தில் நடந்தாலும், பாலிசிகளில் வழக்கமாக விலக்கப்பட்டவைகளின் பட்டியலில் இருக்கிறது. 70 வயது கடந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஆண்டுக்கு 5 லட்சம் வரை என்று 2024-ல் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டமும் ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாகச் சேருவதற்குத்தான். மாதக் கட்டணம் முழுக்க நம் கையிலிருந்துதான். பெரியப்பாவுக்கு ரயில்வே பென்ஷன் இருந்தது. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு 80 வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும், 85-ல் 30, 90-ல் 40. அது சரியாக ஏறியிருக்கிறதா என்று பென்ஷன் சீட்டைப் பாருங்கள். பெரியப்பாவுக்கு ஏறியிருந்தது, பெரிய உதவி.

பென்ஷன் வந்தாலும் எடுக்க வேண்டுமே. பெரியப்பாவால் கையெழுத்துப் போட முடியாது. இப்படி உடம்பு முடியாதவர்களுக்கு ரிசர்வ் வங்கி வழி வைத்திருக்கிறது: கைரேகையோ, அதுவும் முடியாவிட்டால் கால்விரல் ரேகையோ வைத்து, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பணம் எடுக்கலாம், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். கிளையில் முதலில் தெரியாது என்பது போலத்தான் பேசினார்கள். விதி இருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னபின் அதிகாரி ஒருவர் நேரில் வந்தார். பென்ஷன் வாங்குபவர் உயிரோடு இருக்கிறார் என்று காட்டும் நவம்பர் மாத வாழ்நாள் சான்றுக்குத் தபால்காரரை வரவழைத்தோம், கட்டிலருகிலேயே முடிந்தது.

பதிவையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். முதியோர் இல்லங்கள் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். மருத்துவப் படுக்கைகளும் வைத்திருக்கிறோம் என்று சொல்கிற இடமானால், மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படியான பதிவுச் சான்றையும் கேளுங்கள். ஏதாவது நியாயமில்லாமல் நடந்தால் முதியோருக்கான 14567 உதவி எண் இருக்கிறது.

சேர்த்ததோடு முடிவு முடிந்துவிடுவதில்லை. அம்மா அசிஸ்டட் லிவிங்கில் ஒரு வருடம் போல் நன்றாக இருந்தார். ஒரு ராத்திரி பாத்ரூம் வாசலில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. மணியை அழுத்தவில்லை, ஆனால் சத்தம் கேட்டு அட்டெண்டர் உடனே ஓடி வந்தார். ஆபரேஷன் முடிந்து வந்தவரை நேராகப் பழைய அறைக்கு அனுப்பவில்லை. பெரியப்பா இருந்த இடத்தில் கொஞ்ச காலம் நர்சிங் கேரில் வைத்து, பிசியோதெரபி செய்து, வாக்கரில் பாத்ரூம் வரை போய் வர முடிந்த பிறகு மறுபடி தன் அறைக்குத் திரும்பினார். நர்சிங் கேருக்குப் போனால் திரும்பி வர மாட்டார்கள் என்று நம்மில் பலருக்கு ஒரு பயம் இருக்கிறது. அப்படியில்லை, போய் வரலாம். ஆனால் அந்தக் காலத்தில் பழைய அறையைப் பிடித்து வைக்கப் பாதிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே வளாகத்தில் இருந்தால் இந்தச் செலவு குறையலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரியப்பாவுக்கு மாறாக நடந்தது. சில மாதங்களில் விழுங்குவதைச் சோதித்துப் பார்த்து மூக்கு டியூபை எடுத்துவிட்டார்கள். குழைந்த சாதம் ரசத்தோடு ஸ்பூனில் சாப்பிட ஆரம்பித்தார். தம்பிக்கு ரொம்ப சந்தோஷம், அம்மா இருக்கிற இடத்துக்கே மாற்றிவிடலாம், இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக இருப்பார்கள் என்றான். எனக்கும் ஆசைதான். பகலில் பார்த்தால் மாற்றலாம் என்றுதான் தோன்றும். ராத்திரியில் இன்னும் புரட்ட வேண்டியிருந்தது, தூக்க இரண்டு பேர் தேவைப்பட்டது, கூப்பிடவும் முடியாது. அங்கேயே இருக்கட்டும் என்று முடிவு செய்து, வாரக் கடைசியில் அம்மாவை ஆட்டோவில் கூட்டிப் போய் அவருடன் உட்கார வைத்தேன்.

இன்னொன்று. இதைக் கேட்க யாருக்கும் மனம் வராது, ஆனால் சேர்க்கிற அன்றே கேட்டுவிடுங்கள்: கடைசிக் கட்டத்தில் என்ன செய்வீர்கள்? நிலைமை மோசமானால் கேட்காமலே ஆம்புலன்ஸில் ஏற்றி ஐசியுவுக்கு அனுப்புவது சில இடங்களின் வழக்கம். பெரியப்பா விஷயத்தில், மறுபடி ஐசியுவும் வென்டிலேட்டரும் வேண்டாம், வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் கையை அழுத்திச் சம்மதம் சொன்ன பிறகு, டாக்டரிடம் பேசி எழுத்தில் கொடுத்து வைத்திருந்தோம். இரண்டாம் வருடம் ஒரு அதிகாலையில் அங்கேயே காலமானார். நானும் பக்கத்தில் இருந்தேன். அவரைப் பார்த்துவந்த டாக்டர் விடிவதற்குள் வந்து இறப்புக்கான காரணச் சான்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சான்று இல்லாமல் மயானத்திலும் மாநகராட்சியிலும் அலைய வேண்டியிருக்கும், இறப்பைப் பதிவு செய்ய 21 நாள்தான் கணக்கு. ராத்திரியில் வந்து சான்று தர டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டு வைத்ததால் அன்று எங்களால் அவருக்காக அழ மட்டும் முடிந்தது.

அம்மாவுக்கு இப்போது 79. ராத்திரியில் முன்பு ஒரு முறை எழுந்தவர் இப்போது மூன்று முறை எழுகிறார், போன மாதம் ஒரு தடவை பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறார். இரவுக்கு மட்டும் தனியாக ஒரு அட்டெண்டர் போடச் சொல்லியிருக்கிறோம், அதற்கு மாதம் கூடுதல் கட்டணம். முதியோர் மருத்துவரிடம் நினைவாற்றல் சோதனைக்கும் நேரம் வாங்கியாயிற்று. அதன் முடிவு வந்த பிறகு, அந்த ஆறு வேலைகளையும் மறுபடி எழுதிப் பார்த்து, அம்மாவையும் உட்கார வைத்துப் பேச வேண்டும்.